விழாத வெரலு

வேண்டாம் மேடம், அந்த மை வீணாப் போவும். எனக்க வெரலு விழாது. பயந்துட்டுச் சொல்லல்ல, உள்ளதச் சொல்லுகேன். ரேஷன் கடை மிஷின்ல விழாது, பேங்கில விழாது. ஆதாருக்கு எடுக்கப் போனப்ப அங்க இருந்தவன் மூணு மட்டம் தொடச்சுத் தொடச்சு அமத்திப் பாத்துட்டு, யக்கா, உங்களுக்கு வெரலு இருக்கா இல்லியான்னு கேட்டான். வெரலு பத்தும் இருக்குடே, ரேகதான் இல்லன்னு சொன்னேன். கடேசியில எப்பிடியோ அரகொறையா எடுத்து விட்டான். இருவத்திரெண்டு வருசமா அண்டியாபீசில முந்திரிக்கொட்ட தல்லி ஒடைக்கேன் பாத்துக்கிடுங்க. அந்தத் தோட்டுக்குள்ள ஒரு எண்ண உண்டு. கையில சாம்பலத் தேச்சுட்டுத்தான் தல்ல உக்காருவோம், இருந்தாலும் சவம் அது தோலத் தின்னுரும். மொதல்ல கறுக்கும், பொறவு உரியும், பொறவு வழுவழுன்னு ஆயிரும். எங்க ஆபீசில தல்லுக பொம்பளையளுக்கு ஒருத்திக்கும் ரேக கெடையாது. களவாங்கப் போனா கொள்ளாம்னு நாங்களே சொல்லிச் சிரிப்போம்.

உக்காருங்க, நேரம் இருக்கு. ரெஜிலா உள்ள சாயா போடுகா, கூட கிழங்கும் அவிக்கா போல. நான் குளோரிபாய். இது அவளுக்க வீடு, இந்தா, இந்த மதிலுக்கு அங்கோட்டு எனக்க வீடு. எதுக்கு எடுக்கியன்னு எனக்கு மனசிலாச்சு. வீட்டுக்கு வந்து போறவிய வெரல எல்லாம் எடுத்துத் தள்ளி வச்சாத்தான் மிச்சம் இருக்கது களவாணிக்க வெரலுன்னு தெரியும், அதானே? அப்பம் அவ அடுக்களையில வெரலு தேடிப் பொடி போட்டியன்னா பூராவும் நானாத்தான் இருப்பேன், விழுந்தா. ஆனா அந்த ஏசி வச்ச முறிக்குள்ள மட்டும் நான் போனதே இல்ல. ஷாஜன் லீவுக்கு வந்தப்ப டைல்ஸ் போட்டு ஏசி வச்சான். வாங்கன்னு அவ கூப்பிடவும் இல்ல, நான் போவவும் இல்ல. ஷாஜன் ஆரா? அவளுக்க மாப்பிள. சவுதியில டிரைவர்.

அந்த முறியிலதானே பீரோ. ஞாயித்துக்கிழம ஊரெல்லாம் சர்ச்சில இருக்க நேரம் பாத்து ஒரு சின்ன பேக்கு போயிருக்கு. உள்ள அவளுக்க பாஸ்போட்டு, விசா அடிச்சது. கூட அஞ்சு பவுன் செயினு. வெள்ளிக்கிழம திருவனந்தபுரத்தில பிளைட்டு, இன்னைக்குப் புதன். பாஸ்போட்டு கெடைக்கல்லன்னா அவ போக்கு நின்னு போவும். மூணு நாளா அழுதுட்டு கெடக்கா. எனக்க மடியில படுத்துத்தான் அழுதா. நானும் அழுதேன்.

இதா அவளுக்க வெரலு எடுத்த தாளு? ஒண்ணு காட்டுங்க. கர்த்தாவே, என்ன தெளிவு! ஒவ்வொரு வரியும் பென்சில் வச்சு வரஞ்சது போல இருக்கு. இந்த வட்டத்துக்கு ஒரு பேரு உண்டா? சுழியா? அவளுக்குச் சுழிதானா, பத்து வெரலில ஏழும்? ஆமா, அவளுக்கு நல்ல சுழி. அது நீங்க மை தேச்சுக் கண்டுபிடிக்கணுமா, என்னைக் கேட்டா சொல்லியிருப்பேனே.

ரெட்டப் பிள்ளையளுக்குக்கூட ஒண்ணு போல இருக்காதா? இத்தன கோடி பேருக்கும் உக்காந்து வேற வேறயா வரஞ்சு விட ஆண்டவருக்கு நேரம் இருந்திருக்கு பாருங்க. எங்களுக்கு வரஞ்சதக் காப்பாத்தத்தான் நேரம் இல்ல.

ரெண்டு வருசத்துக்கு முந்தி வர இவளுக்க வெரலும் எனக்கது போலத்தான் மேடம். ஒரே பெஞ்சில பதினாலு வருசம் இருந்தோம். இடத்த பக்கம் நான், வலத்த பக்கம் அவ. அவளுக்குத் தல்லப் படிச்சுக் குடுத்தது ஆரு? நான். கட்டைய இப்பிடிப் பிடிச்சு, கொட்டைக்க வயித்தில பாத்து ஒரே அடி. பருப்பு ஒடையப்பிடாது. வந்த புதுசில எல்லாத்தையும் நொறுக்கி வைப்பா. மேஸ்திரி வாறதுக்கு முன்ன அவளுக்க பொடிய எனக்க கூடையில தட்டிட்டு, எனக்க முழுப்பருப்ப அவளுக்க கூடையில போடுவேன். செரி, பாவம் சின்னவதானேன்னு. அஞ்சாறு வருசம் கழிச்சு ஆபீசு ஆண்டுவிழாவில, ஒடையாமத் தல்லுகவளுக்குப் பரிசுன்னு ஒரு குக்கர் குடுத்தாவ. ஆருக்கு? ரெஜிலாவுக்கு. மேடையில ஏறிச் சிரிச்சிட்டு வாங்கினா. எறங்கி வந்து, இது அக்காவுக்கு உள்ளதுன்னு ஒரு வார்த்த சொன்னாளா? சொல்லல்ல. இன்னா, விசிலடிக்குது கேக்குதா? அந்தக் குக்கருதான்.

என்ன சிரிக்கிய? கல்கத்தாவிலயா? வெரலு பாக்க ஆபீசு ஒலகத்திலயே மொதல்ல நம்ம கல்கத்தாவிலதானா தொறந்தானுவ? நூத்தி இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சா! நான் லண்டன்னுல்லா நெனச்சேன். ஓஹோ. ஆயிரக்கணக்கில வெரலு சேந்து போனா, வேணும்னப்ப தேடி எடுக்கதுக்கு ஒரு கணக்கு வேணும். அந்தக் கணக்கப் போட்டது நம்ம ஆளுவ ரெண்டு பேரு, எஸ்.ஐ. வேலையில இருந்தவிய. பேரு மட்டும் அவியளுக்கு மேல இருந்த வெள்ளக்காரனுக்குப் போச்சு. இன்னும் அவன் பேரச் சொல்லித்தானா நீங்க படிக்கிய? பாத்தியளா. இதத்தான் நான் சொல்ல வந்தேன். அண்டியாபீசில நடக்கதுதான் கல்கத்தாவிலயும் நடந்திருக்கு. அந்த ரெண்டு பேருக்க வயிறு எரிஞ்சிருக்குமா, எரிஞ்சிருக்காதா? எனக்குப் போனது ஒரு குக்கரு. அவியளுக்கு ஒலகமே போயிருக்கு.

பொறாமையா? ஆமா, பொறாமதான். நான் ஒளிக்கல்லியே. ஆனா ரேக இல்லாத காலத்தில எங்களுக்குள்ள ஒரு பொறாமையும் இல்ல கேட்டியளா. மாசம் ஒருக்க ரேஷன் கடைக்குச் சேந்துதான் போவோம். அவ வைப்பா, விழாது. நான் வைப்பேன், விழாது. கடையில இருக்க ஜெப்சன் தலையில அடிச்சுக்கிடுவான். பொறவு அவ மாமியாளக் கூட்டிட்டு வரணும், நான் எனக்க மாப்பிள ஜெபதாசக் கூட்டிட்டு வரணும். வழிமுச்சூடும் ஒரே சிரிப்பு. கொச்சிக்கும் சேந்துதான் போனோம். உங்களுக்கு அது தெரியாதுல்லா. சவுதியில ஒரே வீட்டில சமையலுக்கு ரெண்டு ஆளு வேணும்னு ஒரு ஏஜென்டு சொன்னாரு. பாஸ்போட்டு எடுத்தாச்சு, மெடிக்கலும் பாத்தாச்சு. கொச்சியில விசா ஆபீசில கண்ணாடியில வெரல வைக்கச் சொன்னாவ. அவளுக்கும் விழல்ல, எனக்கும் விழல்ல. எலுமிச்சம்பழம் தேச்சோம், பவுடர் போட்டோம், பைப்பில கழுவிட்டு வச்சோம். ஒண்ணும் நடக்கல்ல. திரும்பி வாற ரயில்ல அவ எனக்க தோளில சாஞ்சுட்டு, நமக்கு அந்தப் பெஞ்சுதான் யக்கான்னு சொன்னா. எனக்கு அன்னைக்கு ஒரு சங்கடமும் இல்ல மேடம். அவளுக்கும் விழல்லல்லா? அவளுக்கு விழுந்து எனக்கு விழாம இருந்திருந்தாத்தான் சங்கடம்.

பொறவு ஷாஜனுக்கு அங்க சம்பளம் கூடிச்சு. நீ இனி தல்லப் போவாண்டாம்னு போன்ல சொல்லிட்டான். எனக்க ஆளும் சொல்லுவாரு. சாயங்காலம் ரப்பர் தோட்டத்தில இருந்து வந்து ஒரு கட்டன்சாயா குடிச்சிட்டு, நீ இனி போவாண்டாம் குளோரின்னு சொல்லுவாரு. சொல்லிட்டு மறுநாளு வெளுப்புக்கே அவருக்க டிபன் பாத்திரத்துக்குப் பக்கத்தில எனக்க பாத்திரத்தையும் எடுத்து வைப்பாரு.

அவ வீட்டில இருந்தா. மூணு மாசம் ஆச்சோ என்னவோ. ஒரு நாளு சர்ச்சு விட்டு வரும்போ பெருவெரல எனக்க மூஞ்சிக்கு நேர நீட்டி, யக்கா பாரு, முளைச்சுட்டுன்னு சொன்னா. பாத்தேன். வெயில்ல நல்லாத் தெரிஞ்சிச்சு, சன்னமா, வரிவரியா. கொள்ளாம்டின்னு சொன்னேன். வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு எனக்க வெரலப் பாத்தேன். அன்னைக்குப் பிடிச்சது மேடம் இந்த எளவு. அவ வீட்டுக்கு பிரிட்ஜ் வந்தப்ப வரல்ல, ஏசி வந்தப்ப வரல்ல. அந்த ரேக வந்தப்பந்தான் எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு கடி வந்திச்சு. பொறவு அவன் லீவுக்கு வந்தான், பேமிலி விசான்னான், அதே கொச்சிக்கு அவளக் கூட்டிட்டுப் போனான். இந்த மட்டம் ஒரே அமத்து, விழுந்துட்டாம். வந்து எனக்கிட்ட நடிச்சுக் காட்டுகா, இப்பிடி வச்சேன் யக்கா, டக்குன்னு எடுத்துட்டுன்னு.

எனக்கு என்ன கொண்டு வந்தான் தெரியுமா? கைக்குத் தேய்க்க கிரீமு. நாலு டப்பா. அவ தான் சொல்லி வாங்கியிருக்கா. தினம் தேயிங்க யக்கா, உங்களுக்கும் வந்திரும்னு சொல்லித் தந்தா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு டப்பாவத் தூக்கி ரப்பர் மரத்துக்க எடையில எறிஞ்சேன். பொறவு நானே போய்த் தேடி எடுத்திட்டும் வந்தேன். வெல கூடுன கிரீமாக்கும். தேச்சேன். ஆனா தேச்சிட்டுப் போயி சாம்பல்ல கைய வச்சா என்னத்துக்கு ஆவும்?

அதுகூடப் போட்டும். சனிக்கிழம மதிலுக்கு மேல தலைய நீட்டி என்ன சொன்னா தெரியுமா? யக்கா, வீட்டுச் சாவி எப்பவும் போல கரண்டு மீட்டர் பெட்டிக்குள்ளதான் இருக்கும், நான் போன பொறவு வாரம் ஒருக்க உள்ள கேறித் தூத்துப் பெருக்கிப் போடுங்க, ஏசி முறியையும் மறந்திராதிங்கன்னு. கேட்டியளா மேடம்? அந்த முறிக்குள்ள நான் கால் வைக்கதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு இப்பந்தான் விளி வந்திருக்கு. அதும் வாரியலோட. செரிடி மக்கா, நீ சந்தோசமாப் போயிட்டு வான்னு சொன்னேன். அவ நல்லவதான். வேணும்னு நெனச்சு அவ அதச் சொல்லல்ல. அவளுக்கு என்மேல பாசம் உண்டு. அந்தப் பாசத்திலதான் எனக்கு இன்னும் எரியும்.

மீட்டர் பெட்டி விசயம் ஆருக்கெல்லாம் தெரியும்னா? எல்லாருக்கும் தெரியும். அவளுக்க மாமியாளுக்குத் தெரியும், பால்காரிக்குத் தெரியும். தேங்கா வெட்ட வாற முருகதாசுக்கும் தெரியும்னு தானே அவன திங்கக்கிழம தூக்கிட்டுப் போனிய? நீங்க இல்ல, ஸ்டேசன்ல இருந்து வந்தவிய. இன்னும் விடல்ல. அவனுக்க பொண்டாட்டி பிந்து நேத்து இந்த மதில்ல சாஞ்சு நின்னு அழுதா, எனக்குக் கேட்டுட்டு நிக்க முடியல்ல. அவனுக்க வெரலு பொருந்தல்லியா? ஒண்ணுகூடப் பொருந்தல்லியா? அப்பம் எதுக்கு வச்சிருக்கு? ஓ, நீங்க எழுதிக் குடுத்தாத்தான் விடுவாவளா. எப்பம் எழுதுவிய? கடேசி ஆளுக்கும் எடுத்த பொறவு. கடேசி ஆளு நாந்தான் என்ன?

ஞாயித்துக்கிழம சாயங்காலம் உங்க நாயி வந்திச்சே, ஜூலின்னு கூப்பிட்டாவ. அது பீரோவ மோந்துட்டு, மதிலச் சுத்தி நேரா எனக்க அடுக்கள வாசல்ல வந்து நின்னுட்டு. எல்லாவனும் எனக்க மூஞ்சியப் பாக்கான். அடுப்பில நெத்திலி பொரிஞ்சிட்டு இருந்திச்சு. எஸ்.ஐ. சிரிச்சிட்டாரு, நாய்க்கும் பசிக்கும்லான்னு. நானும் ரெண்டு மீன எடுத்துப் போட்டேன். அது தின்னல்ல. மோந்துகூடப் பாக்கல்ல, என்னையவே பாத்துட்டு நின்னுது. அப்பிடியா பழக்கி வச்சிருக்கிய?

ஒரு காரியம் கேக்கட்டா? இந்த வெரல வச்சு மொதல்ல மாட்டினவன் ஆரு? நம்ம நாட்டில சொல்லுங்க. அதும் பெங்கால்தானா. தேயிலத் தோட்டத்தில தொரைய வெட்டிப் போட்டுட்டுப் பெட்டியத் தொறந்து எடுத்திருக்கான். உள்ள கெடந்த பஞ்சாங்கத்தில ரத்த வெரலு பதிஞ்சு போச்சா! முந்தியே ஒருக்க களவில மாட்டினவன், அதனால அவனுக்க வெரலு ஆபீசில இருந்திருக்கு. தூக்கில போட்டாவளா? இல்லியா? களவுக்கு மட்டும் சிட்ச, கொலைக்கு இல்லியா? அதென்ன? ஓ. வெரலு இருந்தா தொட்டான்னுதான் அர்த்தம், அதுக்கு மேல அது ஒண்ணும் சொல்லாது. செரிதான். எதுக்குத் தொட்டான்னும் அது சொல்லாது என்ன? களவுக்கு எத்தன குடுத்தாவ? ரெண்டு வருசம். அது அந்தக் காலம். இப்பம்? எடுத்தது அப்பிடியே ஒரு குறவும் இல்லாமத் திரும்பக் கெடச்சிட்டா? ஜட்ஜிக்க மனசப் பொறுத்தா. ம்.

பீரோவில வெரலு கெடச்சிருக்குன்னு சொன்னாவளே, உள்ளதா? எங்க? லாக்கர் கதவுக்க உள்பக்கம். நாலு வெரலு. அது தெளிவா இருக்கா, மேடம்? இவளுக்கது போல இருக்கா? இல்ல. சன்னமா, எடையில எடையில கோடு முறிஞ்சு. புதுசா வந்த தோலு போல. ஆனாலும் இன்னாருன்னு சொல்லிரலாம். அப்பிடியா.

நான் அன்னைக்கு சர்ச்சுக்குப் போவல்ல. எஸ்.ஐ.கிட்டயும் சொன்னேன், தலவலின்னு. தலவலி இல்ல மேடம். அன்னைக்கு ஆராதனையில ரெஜிலாவுக்குப் பிரயாண ஜெபம். முன்ன கூப்பிட்டு நிறுத்தி போதகரு தலையில கை வச்சு ஜெபிப்பாரு, எல்லாரும் எந்திச்சு நிக்கணும், ஆமென் சொல்லணும். எனக்கு அந்த ஆமென் வாயில வராது. அதனால போவல்ல. வீட்டில ஒத்தைக்கு இருந்தேன். மதிலப் பாத்துட்டு.

உங்ககிட்ட ஒண்ணு சொல்ல விட்டுப் போச்சு. எங்க அண்டியாபீசு நாலு மாசமா அடச்சுக் கெடக்கு. ஆப்பிரிக்காவில இருந்து கப்பல்ல கொட்ட வரல்லன்னு சொல்லுகாவ. நாலு மாசமா நான் ஒரு கொட்ட தல்லல்ல. கிரீமு மட்டும் தேச்சிட்டு இருக்கேன், அவ தந்த கிரீமு, மூணாவது டப்பா. ஆனா கையத் திருப்பிப் பாக்கதே இல்ல. பாத்தா எரியும்லா, எதுக்குப் பாக்கணும்? எனக்கு ரேக இல்லன்னு ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

நேத்து ரேஷன் கடைக்குப் போனேன். ஜெபதாசு வேலைக்குப் போயிட்டாரு. ஜெப்சன் கேலிக்குச் சொன்னான், யக்கா சும்மா வச்சுத்தான் பாருங்கன்னு. நானும் கேலிக்கு வச்சேன். டிக்குன்னு ஒரு சத்தம். பில்லு அடிச்சு வெளிய வருது. அவன் எந்திச்சே நின்னுட்டான். யக்கா விழுந்துட்டு, விழுந்துட்டுன்னு கத்துகான். வரிசையில நின்ன பொம்பளையெல்லாம் கை தட்டுகாளுவ. ஒருத்தி எனக்க கையப் பிடிச்சு கண்ணில ஒத்திக்கிட்டா, அவளும் தல்லுகவதான். சந்தோசம் வந்திச்சு மேடம். பொய் சொல்லப்பிடாது, மொதல்ல எனக்கு சந்தோசம்தான் வந்திச்சு. ஓடிப் போயி ரெஜிலாகிட்டக் காட்டணும்னு இருந்திச்சு. அரிசிப் பையத் தூக்கிட்டு ரெண்டு எட்டு வச்ச பொறவுதான் நெனப்பு தட்டிச்சு. ஞாயித்துக்கிழம அந்த லாக்கரத் தொறந்துட்டு நான் தொடைக்கவே இல்லியேன்னு. எதுக்குத் தொடைக்கணும், எனக்குத்தான் விழாதேன்னு விட்டுட்டு வந்தேன்.

மெல்லப் பேசுங்க மக்கா, அவ சாயா கொண்டு வாற நேரம். செயினுக்காவ எடுக்கல்ல. அது பேக்குக்குள்ள இருந்ததே வீட்டில போயித் தொறந்தப்பந்தான் எனக்குத் தெரியும். எனக்கு பாஸ்போட்டு. அவ போவப்பிடாது, அவ்வளவுதான். அவளும் எனக்கூட இஞ்ச கெடக்கணும். நேத்தே திரும்பக் கொண்டு வச்சிரலாம்னு பாத்தேன், வாசல்ல போலீசு நிக்கு. எனக்க அடுக்களையில அடுப்புக்குக் கீழ சாம்பல் டின்னு ஒண்ணு உண்டு, கைக்குத் தேய்க்க வச்சிருக்கது. அதுக்க அடியில பாலித்தீன் கவர்ல சுத்தி வச்சிருக்கேன், ரெண்டும் இருக்கு. உங்க நாயி நல்ல நாயாக்கும். இன்னைக்கே எழுதிக் குடுத்தியன்னா முருகதாச விட்டிருவாவல்லா? இவளுக்கும் வெள்ளிக்கிழம பிளைட்டப் பிடிக்க முடியும்லா? பிடிக்கட்டும். போவட்டும்.

இந்தாங்க, கை. மைய நல்லாப் பெரட்டுங்க. பையப் பைய உருட்டுங்க, அந்தத் தோலு இன்னும் கொஞ்சம் நோவும். ஆங். எடுங்க, எடுங்க, பாப்போம். விழுந்திருக்கு! எனக்கும் சுழியா? மேடம், நீங்க எஸ்.ஐ.ய விளிக்கதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு. அவளுக்க தாள எனக்க தாளுக்குப் பக்கத்தில வையுங்க. இன்னும் கிட்ட. உள்ளதச் சொல்லணும், ரெண்டில ஆருக்கது நல்லா விழுந்திருக்கு?